போர் வேண்டும் என்று அரசு சொல்லும்போது: ஒரு கடைமடைக்காரரின் வழிகாட்டி

மேட்டூர் அணை திறக்கப்பட்டது என்று காலைச் செய்தியில் கேட்டவுடன், வாய்க்கால்கள் முடியும் கடைமடையான திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் எவரும் விதைமூட்டையைப் பிரித்துவிடுவதில்லை. எத்தனை கன அடி திறந்தார்கள், கல்லணையில் காவிரிக்கு எவ்வளவு, வெண்ணாற்றுக்கு எவ்வளவு, புது ஆற்றுக்கு எவ்வளவு என்று பிரித்தார்கள், நம் வாய்க்காலின் தலைப்பு மதகில் ஷட்டர் ஏறியதா என்று ஒவ்வோர் இடமாக விசாரித்து, கடைசியில் தம் வயலோரத்தில் கால் நனைந்த பிறகுதான் வேலையைத் தொடங்குவார்கள். இதை அரசின்மீதுள்ள வெறுப்பு என்று யாரும் சொல்வதில்லை. அறிவிப்புக்கும் தண்ணீருக்கும் இடையே எத்தனை மதகுகள் உண்டு என்பதை அறிந்தவர்களின் வழக்கம் அது.

ஒரு நாட்டின் தலைவர்கள் போர் தவிர்க்க முடியாதது என்று பேசத் தொடங்கும்போது, அதே வழக்கத்தை அந்தப் பேச்சுக்கும் பொருத்துவது எப்படி என்பதே இந்தக் கட்டுரை. மன்னார்குடிக்கு அருகில் எங்கள் ஊர் நூலகத்தில், பள்ளி ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, செய்தி வாசிக்கப் பழகும் இளைஞர்களோடு சில ஆண்டுகளாக உட்கார்ந்து வருகிறேன். அவர்களுக்குச் சொல்லி வந்ததையே இங்கு வரிசைப்படுத்தியிருக்கிறேன். வேண்டியது ஒரு நாற்பது பக்க நோட்டு மட்டுமே.

முதற்படி: சொன்னதை எழுதிப் பிரியுங்கள்

அரசு சொன்னதை உங்கள் சொற்களில் ஒரே வாக்கியமாக எழுதி, அருகில் தேதியையும், சொன்னவர் யார், எந்தப் பதவியில் இருப்பவர், எங்கே சொன்னார் என்பதையும் குறியுங்கள். நாடாளுமன்றத்தில் சொன்னதற்கும் தேர்தல் மேடையில் சொன்னதற்கும் எடை வேறு. முன்னதற்கு அவைக் குறிப்பு உண்டு, பின்னதற்குக் கைதட்டல் மட்டுமே உண்டு. பிறகு அந்த வாக்கியத்தை மூன்றாகப் பிரியுங்கள்: நடந்தது என்று சொல்வது எது, நடக்கப்போகிறது என்று சொல்வது எது, ஆகவே இதைச் செய்ய வேண்டும் என்று சொல்வது எது. போருக்கான பேச்சில் இந்த மூன்றும் ஒரே மூச்சில் வரும். கேட்பவர் முதலாவதை ஏற்றுக்கொண்டதாலேயே மூன்றாவதையும் ஏற்றுக்கொண்டவராக ஆகிவிடுவார்.

1964 ஆகஸ்டில் டோன்கின் வளைகுடாவில் நடந்ததை இதற்குப் பயிற்சிப் பாடமாக எடுத்துக்கொள்ளலாம். ஆகஸ்ட் 2 அன்று வட வியட்நாமின் படகுகள் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் மேடாக்ஸைத் தாக்கியது உண்மை. ஆகஸ்ட் 4 இரவு இரண்டாவது முறையும் தாக்கினார்கள் என்று அறிவிக்கப்பட்டது. அதிபர் ஜான்சன் அன்றிரவே தொலைக்காட்சியில் தோன்றிப் பதிலடி கொடுக்கப்படுவதாகச் சொன்னார். ஆகஸ்ட் 7 அன்று கீழவையில் 416 பேர் ஆதரிக்க ஒருவரும் எதிர்க்காமலும், செனட்டில் 88 பேர் ஆதரிக்க இருவர் மட்டுமே எதிர்க்கவும், அதிபருக்குப் படைபலத்தைப் பயன்படுத்தும் அதிகாரம் தீர்மானமாக வழங்கப்பட்டது. இரண்டாவது தாக்குதல் நடக்கவேயில்லை. ஒட்டுக்கேட்ட தகவல்கள் அந்தத் தாக்குதல் நடந்ததாகக் காட்டும் வகையில் திரித்து அடுக்கப்பட்டிருந்தன என்பதை அமெரிக்க உளவு நிறுவனமொன்றின் சொந்த வரலாற்றாய்வாளரே எழுதி, அந்த ஆய்வு 2005இல்தான் வெளியே வந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது பொய்யைவிட அது ஏறி வந்த வாகனம். உண்மையான முதல் தாக்குதலின் முதுகில் நடக்காத இரண்டாவது தாக்குதல் ஏறிக்கொண்டது. மேலும், அந்த நாள்களுக்கு முன்பே வட வியட்நாமின் கரையோரத்தில் அமெரிக்க ஆதரவுடன் மறைமுகத் தாக்குதல்கள் நடந்து வந்ததை வாக்களித்த உறுப்பினர்களில் பெரும்பாலோர் அறிந்திருக்கவில்லை. ஆகவே ‘நடந்தது’ என்ற பகுதிக்கு எதிரே எப்போதும் ஒரு துணைக்கேள்வியை எழுதுங்கள்: அதற்கு முந்தைய வாரம் என்ன நடந்தது? வாய்க்கால் தகராறு எதிலும் பஞ்சாயத்தார் முதலில் கேட்பது இதைத்தான்.

இரண்டாம் படி: கண்டவர் யார், கேட்டவர் யார்?

தேநீர்க் கடையில் ஐந்து பேர் ‘ஷட்டரைத் தூக்கிவிட்டார்கள்’ என்று சொன்னால் ஐந்து சாட்சிகள் கிடைத்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ஐவரும், மதகைத் திறந்து மூடும் பணியாளரான ஒரே லஸ்கரிடம் கேட்டவர்களாக இருக்கலாம். போர்ச் செய்தியிலும் எண்ணிக்கையைக் கண்டு மயங்காமல், கண்ணால் கண்டவர் வரை பின்னோக்கி நடந்து போக வேண்டும்.

1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் குவைத்தைப் பிடித்தபோது, கூத்தாநல்லூரிலும் அதிராம்பட்டினத்திலும் முத்துப்பேட்டையிலும் வளைகுடாவில் ஆளில்லாத தெரு குறைவு. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஜோர்டானின் அம்மான் வழியாக விமானங்களில் கொண்டுவரப்பட்டார்கள். அந்த ஆக்கிரமிப்பும், கொள்ளையும், கொலைகளும் உண்மை. இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டே அடுத்ததைச் சொல்ல வேண்டும். அவ்வாண்டு அக்டோபர் 10 அன்று வாஷிங்டனில், அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலரின் மனித உரிமைக் குழு முன், நைரா என்ற முதற்பெயரால் மட்டும் அறிமுகப்படுத்தப்பட்ட பதினைந்து வயதுப் பெண் ஒருவர், ஈராக் படையினர் மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளை இன்குபேட்டரிலிருந்து எடுத்துத் தரையில் போட்டதைத் தாம் கண்டதாக அழுதுகொண்டே சொன்னார். அதிபர் புஷ் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். போருக்கு ஆதரவாகப் பேசிய செனட் உறுப்பினர் பலர் அதை எடுத்துக்காட்டினார்கள். 1991 ஜனவரி 12 அன்று செனட்டில் தீர்மானம் 52க்கு 47 என்ற நூலிழையில் நிறைவேறியது. அந்தப் பெண் அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள் என்பதும், குவைத் தரப்புக்காக அமர்த்தப்பட்ட விளம்பர நிறுவனம் அந்தச் சாட்சியத்துக்குப் பின்னால் இருந்தது என்பதும் 1992 ஜனவரியில்தான் மக்களுக்குத் தெரிந்தன. முதலில் அந்தச் செய்தியை ஏற்று வெளியிட்ட மனித உரிமை அமைப்பான ஆம்னெஸ்டியும் பின்னர் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

இந்த நிகழ்வை நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம், கேட்டவர்களில் நானும் ஒருவன் என்பதுதான். குழந்தையைப் பற்றிய செய்தி ஒன்று காதில் விழுந்த பிறகு, ‘இதைக் கண்டவர் யார்?’ என்று கேட்பதே இரக்கமற்ற செயலாகத் தோன்றிவிடுகிறது. அப்படித் தோன்றும் நேரத்தில்தான் நோட்டில் அந்தக் கேள்வியை இரண்டு முறை எழுத வேண்டும்.

இன்னோர் எடுத்துக்காட்டு சுருக்கமாக. ஈராக்மீது அமெரிக்கா மீண்டும் போர் தொடுக்கும் முன், 2003 பிப்ரவரி 5 அன்று ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கொலின் பவல், ஈராக்கிடம் லாரிகளில் நகரும் உயிரியல் ஆயுதக் கூடங்கள் உண்டு என்றார். பலர் சொன்னதுபோல் ஒலித்த அந்தச் செய்தியின் பெரும்பகுதி, ‘கர்வ்பால்’ என்ற மறைபெயரில் ஜெர்மனியில் இருந்த ஒரே ஈராக்கியரின் வாய்மொழியில் நின்றது. அவர் சொன்னது பொய் என்பதை 2011இல் அவரே ஒப்புக்கொண்டார்.

மூன்றாம் படி: ‘இருக்கலாம்’ எங்கே ‘இருக்கிறது’ ஆனது?

‘மேட்டூரில் திறக்கப்பட்டது’ என்பதும் ‘கடைமடைக்கு வந்து சேர்ந்தது’ என்பதும் வெவ்வேறு செய்திகள் என்று இங்கே சிறுவர்களுக்கும் தெரியும். உளவுத் தகவலும் அப்படித்தான் ஓடிவருகிறது. கீழே இருக்கும் அதிகாரி ‘இருக்கக்கூடும், உறுதியில்லை’ என்று எழுதியதை மேலே உள்ளவர் ‘இருக்க வாய்ப்புண்டு’ என்று சுருக்க, மேடைக்கு வரும்போது அது ‘ஐயத்துக்கு இடமில்லை’ என்று ஆகிவிடும். வழியில் எந்த மதகில் அந்த ‘கூடும்’ தங்கிவிட்டது என்று தேடுவது உங்கள் வேலை.

2002 அக்டோபரில் அமெரிக்க உளவு நிறுவனங்கள் சேர்ந்து எழுதிய இரகசிய மதிப்பீட்டில், ஈராக்கின் அணுத் திட்டத்தைப் பற்றிய முடிவை வெளியுறவுத் துறையின் உளவுப் பிரிவு ஏற்கவில்லை என்ற மாற்றுக் கருத்து பதிவாகியிருந்தது. பொதுமக்களுக்கென வெளியான சுருக்கப் பதிப்பில் அத்தகைய எச்சரிக்கைகளில் பல மெலிந்தோ மறைந்தோ போயின. அதற்கு முந்தைய மாதம் வெளியான பிரிட்டிஷ் அரசின் ஆவணம், ஈராக் தன் பேரழிவு ஆயுதங்களை 45 நிமிடங்களில் ஏவத் தயாராக முடியும் என்றது. அது போர்க்களத்தில் பயன்படும் குறுந்தொலைவு ஆயுதங்களைப் பற்றிய குறிப்பு என்பதை ஆவணம் சொல்லாததால், பிரிட்டனையே 45 நிமிடங்களில் தாக்க முடியும் என்ற பொருளில் செய்தித்தாள்கள் தலைப்பிட்டன. எழுதிய சொல் ஒருபுறம் இருக்க, விட்ட சொல்லாலேயே அச்சத்தைப் பெருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

நான்காம் படி: அளப்பவரை அளக்க விடுகிறார்களா?

கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்று கருவி காட்டும்போது, விவசாயி இரண்டு நெல்லை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்துவிட்டு ‘இன்னொரு தடவை வையுங்க’ என்பார். மறுபடி வைக்கும் நிலையத்தின்மீது நம்பிக்கை வரும். வைக்க மறுக்கும் நிலையத்தின்மீது ஐயம் வரும். கருவி சரியா தவறா என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி.

ஈராக் விவகாரத்தில் மறுபடி அளப்பவர்கள் இருந்தார்கள். 2002 நவம்பர் இறுதியில் திரும்பிச் சென்ற ஐ.நா. ஆய்வாளர்கள், போருக்கு முந்தைய சில மாதங்களில் எழுநூறுக்கும் மேற்பட்ட சோதனைகளை நடத்தினார்கள். 2003 மார்ச் 7 அன்று பாதுகாப்பு மன்றத்தில், ஈராக் நைஜரிலிருந்து யுரேனியம் வாங்க முயன்றதற்குச் சான்றாகக் காட்டப்பட்ட ஆவணங்கள் போலியானவை என்று சர்வதேச அணுசக்தி முகமையின் தலைவர் எல்பரடேய் தெரிவித்தார். ஆயுத ஆய்வாளர்களின் தலைவர் ஹான்ஸ் பிளிக்ஸ், எஞ்சிய பணிக்கு ஆண்டுகள் தேவையில்லை, வாரங்கள் போதா, மாதங்கள் வேண்டும் என்றார். மார்ச் 20 அன்று போர் தொடங்கிவிட்டது. பின்னர் அமெரிக்காவே அனுப்பிய தேடல் குழுவும் அந்த ஆயுதக் கிடங்குகளைக் காணவில்லை. ஆகவே நோட்டில் எழுதுங்கள்: நேரில் பார்த்துவரக்கூடிய, இரு தரப்பையும் சாராத ஒருவர் இருக்கிறாரா? அவர் கேட்கும் அவகாசம் எவ்வளவு? அவசரம் என்று சொல்பவர், அந்த அவசரத்துக்கு என்ன காரணம் காட்டுகிறார்?

ஐந்தாம் படி: பெயரையும் எண்ணையும் தனித்தனியே பாருங்கள்

போருக்குப் போர் என்று பெயரிடும் அரசு இக்காலத்தில் அரிது. வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கத்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2009இல் வன்னியில் நடந்ததை இலங்கை அரசு மனிதாபிமான மீட்பு நடவடிக்கை என்றே அழைத்தது. மோதல் பகுதியில் சிக்கியிருந்த மக்கள் ஏறத்தாழ எழுபதாயிரம் பேர் என்று பிப்ரவரியில் அரசுத் தரப்பு சொன்னது; மே மாதத்துக்குள் முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேல். எண் சிறிதானால் அனுப்ப வேண்டிய உணவும் மருந்தும் சிறிதாகும், காணாமல் போனவர்களின் கணக்கும் சிறிதாகும். இறந்த பொதுமக்கள் நாற்பதாயிரம் வரை இருக்கக்கூடும் என்று ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த வல்லுநர் குழு 2011இல் கூறியது. அரசு சொல்லும் எண்ணைக் கண்டால், அந்த எண்ணை வைத்து அடுத்து என்ன முடிவெடுக்கப்படும் என்று கேளுங்கள்.

ஆறாம் படி: நம் அரசு பேசும்போது

இதுவரை பிற நாடுகளைப் பற்றிப் பேசியது எளிது. நம் நாட்டின் அரசு பேசும்போது அதே கேள்விகளைக் கேட்கத் தொண்டை அடைக்கும். அடைப்பது இயல்பு, கேட்காமலிருப்பது தேவையில்லை. போரும் அமைதியும் நம் அரசமைப்பில் ஒன்றியப் பட்டியலைச் சேர்ந்தவை. போர் தொடங்கும் முன் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்ற கட்டாயம் எழுதப்படவில்லை. எனினும் 1962இல் சீனாவுடன் போர் முடியும் முன்பே நாடாளுமன்றம் நவம்பர் 8 அன்று கூட்டப்பட்டு, நேரு அரசு உறுப்பினர்களின் கடுமையான கேள்விகளைத் திறந்த அவையில் எதிர்கொண்டது. அந்தப் போரின் தோல்வியை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை அரசு இன்றுவரை முழுமையாக வெளியிடவில்லை. கார்கிலுக்குப் பிந்தைய ஆய்வுக் குழுவின் அறிக்கையோ, சில பகுதிகள் நீக்கப்பட்ட வடிவிலேனும், 2000இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. ஒரே நாட்டில் இரண்டு வழக்கங்களும் உண்டு என்பதால், எது வேண்டும் என்று கேட்க நமக்கு இடம் இருக்கிறது.

2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிக்கொண்ட சில நாள்கள் இதற்குக் கடுமையான தேர்வாக இருந்தன. கராச்சித் துறைமுகம் தாக்கி அழிக்கப்பட்டது என்று நம் தொலைக்காட்சிகள் சில இரவெல்லாம் அறிவித்தன. அப்படி எதுவும் நடக்கவில்லை. அந்தப் பக்கத்தில், விமானங்களை வீழ்த்தியதற்குச் சான்று என்னவென்று வெளிநாட்டுத் தொலைக்காட்சி கேட்டபோது, பாகிஸ்தானின் பாதுகாப்பு அமைச்சர் சமூக ஊடகங்களில் இருக்கிறதே என்று பதில் சொன்னார். நம் தரப்பிலும் விமான இழப்பு உண்டு என்பதை, எண்ணிக்கையைச் சொல்லாமலும் ஆறு என்ற பாகிஸ்தானின் கணக்கை மறுத்தும், முப்படைத் தலைமைத் தளபதி மே 31 அன்று சிங்கப்பூரில் ஒப்புக்கொண்டார். போர் நடக்கும் நாள்களில் படையின் நகர்வைப் பற்றி அரசு பேசாமல் இருப்பதில் நியாயமுண்டு. பேசாமல் இருப்பதும் நடக்காததைச் சொல்வதும் ஒன்றல்ல. நோட்டில் இவற்றுக்கு வெவ்வேறு பக்கங்களை ஒதுக்குங்கள்.

ஏழாம் படி: உங்கள் ஐயத்தையும் ஐயுறுங்கள்

இந்தப் படியை நான் விலை கொடுத்துக் கற்றேன். 2022 பிப்ரவரியில், ரஷ்யா உக்ரைனுக்குள் நுழையப்போகிறது என்று அமெரிக்கா நாள்தோறும் எச்சரித்துக்கொண்டிருந்தது. பிப்ரவரி 15 அன்று கீவில் இருந்த இந்தியத் தூதரகமும், தங்கியிருப்பது அவசியமில்லாத மாணவர்கள் தற்காலிகமாக வெளியேறுவதைப் பரிசீலிக்கலாம் என்று அறிவுரை வெளியிட்டது. எங்கள் தெருவில் ஒருவரின் மகன் அங்கே மருத்துவம் படித்துக்கொண்டிருந்தான். “சார், டிக்கெட் போட்டுடலாமா?” என்று அந்தத் தந்தை என்னிடம் வந்து கேட்டார். ஈராக் கதையை அரைமணி நேரம் விளக்கி, இதுவும் அமெரிக்காவின் வழக்கமான பேச்சுதான், படிப்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று நான் சொன்னேன். பிப்ரவரி 24 அன்று போர் தொடங்கியது. பையன் குளிரில் போலந்து எல்லைவரை நடந்து, பிறகு நம் அரசு ஏற்பாடு செய்த விமானத்தில் வந்து சேர்ந்தான். அவனுடைய தந்தை என்னை ஒரு சொல்லும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

நான் செய்த தவறு ஐயப்பட்டதல்ல, சரிபார்க்காமல் ஐயப்பட்டது. இந்த முறை எல்லையில் குவிந்த படைகள் எவர் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய வணிகச் செயற்கைக்கோள் படங்களில் தெரிந்தன. ஈராக்கில் மறைத்து வைக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட ஆயுதத்துக்கும், வெட்டவெளியில் நின்ற டாங்கிகளுக்கும் உள்ள வேறுபாட்டை என் நான்காம் படியே எனக்குக் காட்டியிருக்கும். பேசியவரின் பழைய பொய்யை மட்டும் பார்த்துவிட்டு இந்தக் கூற்றுக்குரிய சான்றைப் பார்க்காமல் விட்டேன். முதல் உலகப் போரில் ஜெர்மானியர்கள் பிணங்களைக் காய்ச்சிக் கொழுப்பெடுக்கிறார்கள் என்று பரப்பப்பட்ட கதை பின்னர் பொய்யென்று அம்பலமானதால், இரண்டாம் உலகப் போரில் யூதர்கள் கூட்டம் கூட்டமாகக் கொல்லப்படும் செய்தி வந்தபோது பலர் அதையும் பிரச்சாரம் என்று ஒதுக்கினார்கள். போருக்காகச் சொன்ன பொய்யின் கடனை, அடுத்த தலைமுறையில் உண்மையாகவே உதவி கேட்பவர்கள் கட்டுகிறார்கள்.

ஆகவே ஒவ்வொரு கூற்றுக்கும் கீழே, ‘இன்ன சான்று கிடைத்தால் நம்புவேன்’ என்று முன்கூட்டியே எழுதிவையுங்கள். அப்படி எதையும் எழுத முடியவில்லையென்றால், நீங்கள் வைத்திருப்பது ஐயமல்ல, கட்சி.

எட்டாம் படி: ஊரில் பேசும் முறை

எல்லையில் மகனை வைத்திருக்கும் வீடுகள் நம் ஊர்களில் உண்டு. அவர்கள் காதில் விழும் இடத்தில் ‘எல்லாம் நாடகம்’ என்று பேசுவது அறியாமை. அமைச்சரின் கூற்றைப் பற்றிய கேள்வி சிப்பாயைப் பற்றிய கேள்வி அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிட்டுப் பேசுங்கள். கைப்பேசியில் வந்த காணொளியை அனுப்புவதற்கு முன், அது எந்த ஆண்டு எடுக்கப்பட்டது என்று தேடுங்கள். பழைய போரின் காட்சியும் கணினி விளையாட்டின் காட்சியும் ஒவ்வொரு மோதலிலும் புதிது என்று திரும்ப வருகின்றன. தேடக் கையில் நேரமில்லையென்றால் அனுப்பாமல் விடுங்கள்.

கடைசிப் படி: நோட்டைத் திரும்ப எடுங்கள்

பெரும்பாலானோர் விட்டுவிடுவது இதைத்தான். டோன்கின் உண்மை வெளிவர 41 ஆண்டுகள் ஆயின. ஈராக் போரில் பிரிட்டன் இறங்கியதை ஆராய்ந்த சில்காட் அறிக்கை, போர் தொடங்கிப் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு 2016 ஜூலையில் வந்தது. அமைதி வழிகள் தீரும் முன்பே அந்தப் போரில் சேர்ந்தார்கள் என்று அது முடிவு சொன்னபோது, முடிவெடுத்த தலைவர்கள் பதவியில் இல்லை, கேள்வி கேட்டவர்களும் வேறு வேலைக்குப் போயிருந்தார்கள். எனவே ஆண்டுக்கு ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, பழைய பக்கங்களை எடுத்து, எந்தக் கூற்று நின்றது, எது விழுந்தது, உங்கள் ஐயங்களில் எது வீணானது என்று சிவப்பு மையில் எழுதுங்கள். எங்கள் நூலகத்தில் அதற்கு, மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாளான ஜூன் 12ஐ வைத்திருக்கிறோம். மேட்டூரில் திறந்த தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வர எப்படியும் பல நாள்கள் ஆகும். அதற்குள் ஒரு நாற்பது பக்க நோட்டை நிதானமாக வாசித்து முடித்துவிடலாம்.